நிகியாவுக்கு வால்ட்ஸ் வாசிச்சப்போ

பாலே ஸ்கூல்ல பியானோ வாசிக்கிறது என் வேலை, எட்டு வருஷமா. ஆர்க்கெஸ்ட்ரா வர்றது கடைசி வாரம்தான், அதுவரைக்கும் புல்லாங்குழல், ஹார்ப், டிரம் எல்லாமே என் பத்து விரல்தான். முதல் தடவை 'லா பயடேர்' ரிகர்சல்னு சொன்னப்போ, கோயில்ல ஆடுற நிகியா, போர்வீரன் சோலோர், இந்தியாவுல நடக்குற கதை, எங்கயாவது ஒரு இடத்துலயாவது நம்ம காதுக்குத் தெரிஞ்ச ஏதாவது வந்துடும்னு நோட்ஸை ஆசையா புரட்டினேன். எல்லாம் வால்ட்ஸ், இடது கை ஒரு அடி ரெண்டு தட்டு, அப்படியே வியன்னா. அன்னிக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு.

கோவம் குறைஞ்சது ரிகர்சல் ரூம்லதான். இதுக்கு இசை எழுதின மின்குஸ் வியன்னாக்காரர், பீட்டர்ஸ்பர்க்ல பாலேக்கு எழுதறதுக்குன்னே சம்பளம் வாங்கினவர், 1877ல பெடிபா அமைச்ச ஆட்டத்துக்கு அளந்து எழுதிக் கொடுத்தார். மேல தாவின கால் தரையைத் தொடுற நேரம்தான் அவருக்குக் கணக்கு, இந்தியா துணியிலயும் செட்லயும் இருந்தா போதும். நிழல்கள், அதாவது ஆவிகள், வர்ற காட்சியில வெள்ளை டிரெஸ்ல ஒவ்வொருத்தியா சரிவுல இறங்குவாங்க, ஒத்தைக் கால்ல நின்னு மத்த காலைப் பின்னாடி நீட்டுற அதே அரபெஸ்க், அதே வளைவு, முதல்ல இறங்குற பொண்ணுதான் அதிக தடவை காலைத் தூக்கணும், நான் கொஞ்சம் இழுத்தாலும் அவ கால் நடுங்குறது பியானோல இருந்தே தெரியும். அதைப் பார்த்தப்புறம் மின்குஸை லேசா பேச எனக்கு வாய் வர்றதில்ல.

ஓபராவுல கதை வேற, அங்க தூரத்து ஊரை சுரத்துலயே வைப்பாங்க. பாடகர்களுக்கு பிஸேயோட 'முத்துக் குளிப்பவர்கள்' வாசிச்சுக் கொடுத்தேன், 1863, பாரிஸ். நடக்கறது இலங்கையில, ஆனா பேர் லெய்லா, நாதிர், நூராபாத்! முதல்ல மெக்சிகோவுல நடக்கறதா இருந்த கதையாம். ஆனாலும் அந்த ரெண்டு நண்பர்களும் சேர்ந்து பாடுற இடத்துல ஹார்ப் பாகத்தை வாசிக்கும்போது எனக்கு இன்னிக்கும் தொண்டை அடைக்கும்.

சான்-சான்ஸோட 'சாம்சனும் தலீலாவும்' எடுத்தா காஸாவுல நடக்குற கூத்தாட்டம் ஒண்ணு வரும், அந்த ஆட்டத்தோட ஆரம்பத்துல ஓபோங்கற ஊதுகுழல் தனியா ஒரு இழை வாசிக்கும், நம்ம மாயாமாளவகௌளையில ரிக்கும் காவுக்கும் நடுவுல இருக்கே அந்த அகலமான இடைவெளி, அதேதான். அதைக் கேட்டதும் பாரிஸ் ஜனங்களுக்கு 'எங்கயோ தூரத்து கிழக்கு'ன்னு தோணணும். எனக்கு அது தூரமே இல்ல, அஞ்சு வயசுல பாட்டு வாத்தியார் முன்னாடி உக்காந்து பாடின சரளி வரிசை.

இதுல என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒண்ணு இருக்கு. 1838லயே கடலூர் பக்கம் திருவந்திபுரத்துல இருந்து அஞ்சு பேர் ஆடறவங்க, மூணு பேர் வாசிக்கிறவங்க பாரிஸுக்குப் போய் வரியெத்தே தியேட்டர்ல ஆடியிருக்காங்க. ஆடினவங்கள்ல ஒருத்தியான அம்மணியைப் பத்தி பிரெஞ்சுக் கவிஞர் கோத்தியே உருகி எழுதினார், பார்ங்கற சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலை செஞ்சார். 20 வருஷம் கழிச்சு கோத்தியே சகுந்தலையை பாலேயா எழுதினார், நடனம் அமைச்சது பெடிபாவோட அண்ணன் லூசியன். அந்த மூணு பேர் வாசிச்சது பாரிஸ் காதுல விழுந்து 39 வருஷம் கழிச்சுத்தான் நிகியா மேடைக்கு வர்றா. அவளோட நோட்ஸ்ல அதுல ஒரு துளி இல்ல.

போன சீசன்ல நிகியா ஆடுற பொண்ணுகிட்ட அம்மணி கதையைச் சொன்னேன். "அவங்க எந்த மியூசிக்குக்கு ஆடினாங்க?"ன்னு கேட்டா. இதுதான் அதுன்னு சொல்ல முடியாது, எங்க ஊர்ல குழந்தைக்கு முதல்ல சொல்லித் தர்றது இதுன்னு சொல்லி, இடது கையில ஸாவும் பாவும் புடிச்சுக்கிட்டு சரளி வரிசையை மெதுவா வாசிச்சேன், பியானோல கமகம் வராது, இருந்தாலும் வாசிச்சேன். பார் கம்பியைப் புடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தா. டீச்சர் உள்ள வந்தாங்க, நிழல்கள் முதல்ல இருந்துன்னாங்க, பக்கத்தைத் திருப்பினேன்.