ரேட்டிங் உயர்வு கேட்பதற்கு முன் நான் போட்ட கணக்கு

தமிழ் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, முதுகுவலியோடு வெளியே வந்தவன் நான். முன்னாள் படைவீரர் நலத் துறையான விஏ, என் முதுகுக்கு 20, வலது முழங்காலுக்கு 10, காது இரைச்சலுக்கு 10 விழுக்காடு என, மாத உதவித்தொகையைத் தீர்மானிக்கும் உடல் பாதிப்பு ரேட்டிங் அளித்திருந்தது. இவற்றை விஏ நேராகக் கூட்டுவதில்லை. முதல் 20 போக எஞ்சிய 80-இல் பத்து விழுக்காடு, அதிலும் எஞ்சியதில் பத்து விழுக்காடு என்று கணக்கிட்டு வரும் 35-ஐ அருகிலுள்ள பத்தின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்குவதால், மொத்தம் 40 ஆகியிருந்தது.

முழங்கால் மோசமானபோது உயர்வு கேட்கும்படி உடன் பணியாற்றியவர்கள் வற்புறுத்தினார்கள். ஆனால் அது 20 ஆனாலும் கூட்டுக்கணக்கு 42-தான். மொத்தம் மீண்டும் 40-க்கே இறங்கும், மாதத் தொகையில் ஒரு டாலரும் கூடாது. முதுகு 40-க்கு உயர்ந்தால் கணக்கு 51 ஆகி மொத்தம் 50-இல் நிற்கும். அதற்கு, முன்னோக்கிக் குனியும் அளவு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

உயர்வு கேட்டால் நடக்கும் மறுபரிசோதனையில் இருப்பதும் குறைந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் நின்ற ரேட்டிங்கைக் குறைக்க, நிலைத்த முன்னேற்றத்தை விஏ காட்ட வேண்டும் என்றும், குறைப்பதற்கு முன் சான்று அளிக்க 60 நாள் தர வேண்டும் என்றும் அறிந்த பிறகே என் மனம் தெளிந்தது. இதை விளக்கியவர் கட்டணம் வாங்காத, விஏ அங்கீகாரம் பெற்ற, முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் சேவை அமைப்பின் (விஎஸ்ஓ) பிரதிநிதி. உயர்வில் பங்கு கேட்டு அழைக்கும் நிறுவனங்களை விட இவர்களையே நாடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

சாதாரண நாளில் என்னால் ஓரளவு குனிய முடியும். வலி கூடும் நாளில் மனைவிதான் காலணிக் கயிற்றைக் கட்டிவிடுவார். பரிசோதகர் நோயாளியிடம் விசாரித்து அத்தகைய நாள்களின் இழப்பையும் மதிப்பிட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டு ஷார்ப் வழக்கின் தீர்ப்பு வலியுறுத்தியிருக்கிறது. ஆகவே வலி கூடிய நாள்களில் எந்த வேலை நின்றது, எத்தனை மணி நேரம் படுத்திருந்தேன் என்று குறித்துவைத்தேன். விண்ணப்பிக்கும் எண்ணத்தை விஏவிடம் முதலில் பதிவு செய்தேன். அதனால் அந்தத் தேதி ஓராண்டு வரை எனக்காகக் காக்கப்பட்டது.

பரிசோதகர் கோணமானியை என் இடுப்போரம் பொருத்தி, மூன்று முறை குனியச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்தார். வலி கூடும் நாள்களைப் பற்றிக் கேட்டபோது குறிப்பேட்டைப் பார்த்தே பதில் சொன்னேன். முதுகுக்கு 40, மொத்தம் 50 என்று முடிவு வந்தது. உயர்ந்த தொகையும் நான் எண்ணத்தைப் பதிவு செய்த தேதியை வைத்தே கணக்கிடப்பட்டது. முழங்காலுக்கு நான் உயர்வு கேட்கவில்லை.