இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று: சர்க்கரைச் சோதனைக்குப் போய்வந்த செவ்வாய்க்கிழமை

தலைப்பிள்ளைக்கு உண்டாகியிருந்தபோது செக்கப்புக்கு என்னோடு வர வீட்டில் போட்டியே நடந்தது. அம்மா வருவார், அம்மாவுக்கு முடியாவிட்டால் அத்தை வருவார். இரண்டாவதற்கு அப்படி யாரும் கிளம்புவதில்லை. "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிடுகிறார்கள். தெரியும்தான். ஆனால் இப்போது இடுப்பில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆறாம் மாதச் செக்கப்பைத் தள்ளிப்போட்டார்கள். அவர்களைப் போன்றவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆளில்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை. நான் போகவேண்டிய செவ்வாய், சம்பா நடவு மும்முரமாக நடக்கும் ஐப்பசியில் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது நட்டாக வேண்டும். விட்டால் நாற்று முற்றிவிடும். அத்தை விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டார். கணவர் சிங்கப்பூரில். அம்மா ஒரத்தநாட்டுப் பக்கம், அங்கேயும் இதே நடவு. பால்வாடியில் விடலாம் என்றால் மகனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. நடவு நாளில் எங்கள் ஊரில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போக ஒரு கை கிடைக்காது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கிராம சுகாதார செவிலியரை நாங்கள் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முதல்நாளே போன் செய்து சொல்லிவிட்டார்: "இந்த முறை சர்க்கரைச் சோதனை இருக்கிறது பாப்பா. குளுக்கோஸ் தண்ணீர் குடித்தபின் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். தம்பியைக் கூட்டிவந்தால் அதற்குத் தகுந்த மாதிரி வா."

இந்தச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அதை ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று பொருள். வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பஸ் பிடித்து வரும் கிராமத்துப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பட்டினியோடு கியூவில் நின்றவர்களுக்குத் தெரியும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறை இது. தமிழ்நாட்டில் 2007 முதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை செய்யப்பட வேண்டும் என்பது அரசு உத்தரவு. பதிவு செய்யும்போது ஒரு தடவை, அப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. முதல் தடவை சரியாக இருந்ததே என்று இரண்டாவதை விட்டுவிடக்கூடாது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்துவது அந்த மாதங்களில்தான் கூடுகிறது.

பிள்ளையோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால், ஓடினால், உடம்பு அந்தச் சர்க்கரையைச் செலவழித்துவிடும். வரும் அளவு உண்மை அளவாக இருக்காது. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருப்பானா? அவன் பின்னால் ஓடாமல் நான் இருக்க முடியுமா? எனக்கிருந்த கவலை முழுவதும் இதுதான். ஊசியைப் பற்றி நினைக்கக்கூட நேரமில்லை.

அதனால் நேரத்தைக் கணக்குப் போட்டேன். அவன் வழக்கமாகப் பதினோரு மணிவாக்கில் தூங்குவான். பத்து மணிக்குள் குளுக்கோஸைக் குடித்துவிட்டால் காத்திருப்பில் பாதி அவன் தூக்கத்தில் போய்விடும். பையில் நல்லெண்ணெய் தடவிய இட்லி, ஒரு டப்பா பொரி, மாற்று உடுப்பு, தரையில் விரிக்கப் பழைய புடவை ஒன்று. அவன் விளையாட, வீட்டில் அவனுக்கு எப்போதும் தராத மிளகாய்ப்பொடி டப்பாவைக் கழுவிக் காயவைத்து, உள்ளே நாலு புளியங்கொட்டைக்குப் பதிலாகப் பெரிய மரப் பொத்தான்களைப் போட்டு இறுக மூடி எடுத்துக்கொண்டேன். கொட்டை என்றால் மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும் என்ற பயம்.

பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துதான். கூட்டம் இல்லை, பெண்கள் பாதிப்பேர் வயலில். இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். போனவுடன் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 138/88. செவிலியர் என் முகத்தைப் பார்த்தார், இடுப்பில் இருந்தவனைப் பார்த்தார். "இவனைத் தூக்கிக்கொண்டா நடந்து வந்தாய்? இறக்கிவிட்டுச் சாய்ந்து உட்கார். பேசாதே. சிறுநீர் கழித்துவிட்டு வா, மறுபடி பார்க்கலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது 116/76. பிள்ளையைச் சுமந்து வந்த மூச்சோடு பார்த்தால் அழுத்தம் கூடித்தான் காட்டும். உங்களுக்கும் அப்படி வந்தால், உட்கார்ந்து ஆறியபின் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறிய பிறகும் 140/90-ஐத் தொட்டால் அதை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது.

சிறுநீர் மாதிரி எடுப்பதுதான் தனியாக வந்தவளுக்குப் பெரும்பாடு. கழிப்பறைத் தரை ஈரம், அவனை இறக்கிவிட முடியாது, வெளியே விடவும் முடியாது. வராந்தாவில் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மா, கேட்காமலேயே கை நீட்டினார். "அம்மாயியிடம் வா" என்றார். என்ன ஆச்சரியமோ, அவன் போனான். அவன் அம்மாயியும் அதே ஊர்ப் பேச்சு பேசுகிறவர் என்பதாலோ என்னவோ.

அடுத்தது குளுக்கோஸ். மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் கரைத்துக் கொடுத்தார்கள். டம்ளரைப் பார்த்ததும் அவன் அம்மாயி மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்தான். தண்ணீர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். டம்ளர் விளிம்பில் விரல் வைத்து நக்கினான். கண் விரிந்தது. அதன்பிறகு என்ன சொல்லி அவனை நம்பவைப்பது? இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, என் கன்னத்தோடு அவன் கன்னத்தை ஒட்டி, தனக்கும் வாயைத் திறந்தான். ஒரு மடக்குக் கூட அவனுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அளவு குறையும், சோதனை வீண். நான் டம்ளரை அவனுக்கு எட்டாமல் உயர்த்திக் குடித்தேன். அவன் அழுத அழுகையில் வெளிநோயாளிகள் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பெற்றவள் தின்றுகொண்டே பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது எங்கள் பக்கத்தில் பார்க்கப் பொறுக்காத காட்சி. ஒரு பாட்டி "ஒரு வாய் கொடேன்" என்றார். செவிலியர்தான் அவருக்குப் பதில் சொன்னார்: "மருந்து பாட்டி, மருந்து."

முதல் அரை மணி நேரத்தில் வாந்தி வந்துவிட்டால் அன்றைய சோதனை கணக்கில் வராது, மறுநாள் திரும்ப வரவேண்டும். அந்தத் திகட்டும் இனிப்பு தொண்டையிலேயே நின்றது. அவன் வயிற்றின் மேல் ஏறப்போனான். அவனைப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சை மெதுவாக விட்டேன். பொத்தான் டப்பாவைக் கொடுத்ததும் அழுகை விக்கலாகக் குறைந்தது. டப்பா வெகுநேரம் தாங்கியது. பிறகு வாசலில் நின்ற 108 வண்டியைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், எழுந்து ஓடினான்.

நான் எழவில்லை. எழக்கூடாது என்று தெரிந்தே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. அந்த அம்மாயி ஓடினார். அவர் முட்டிவலிக்காரர், அதனால்தான் நடவுக்குப் போகாமல் மகளோடு வந்திருந்தார். ஆனாலும் ஓடினார். என் மகனோடு வேறு இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் புங்க மரத்தடியில் உட்காரவைத்து, பொரியைப் பங்கு போட்டுக் கொடுத்தார். காய்ச்சல்காரர்கள் உட்காரும் பக்கம் பிள்ளைகளை அவர் விடவேயில்லை. அந்த வராந்தாவில் அவர் செய்தது ஒரு முழு ஆள் வேலை. கடைசி அரை மணி நேரம்தான் மகன் விரித்த புடவை மேல் தூங்கினான்.

ரத்தம் எடுக்கும்போது விழித்துவிட்டான். அவனுக்கு ஒன்றரை வயது ஊசி போட்ட அதே இடம். ஊசியைப் பார்த்ததும் கத்தினான். எடுத்து முடித்ததும் என் முழங்கை மடிப்பில் பஞ்சின் மேல் உதட்டைக் குவித்து ஊதினான். அவன் விழுந்து எழும்போதெல்லாம் அவன் அப்பாயி செய்வது அது.

டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டியவற்றை முன்கூட்டியே சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பிள்ளை மடியில் இருந்தால் கேட்க நினைத்தது ஒன்றும் நினைவில் நிற்காது; சீட்டு மட்டும் நிற்கும். இவனைத் தூக்கலாமா என்பதுதான் என் முதல் கேள்வி. ரத்தப்போக்கோ வலியோ இல்லாதவரை தூக்கலாம், ஆனால் இடுப்பை வளைத்துக் குனிந்து தூக்காமல் முட்டியை மடக்கி எடுக்க வேண்டும், முடிந்தவரை நான் உட்கார்ந்துகொண்டு அவனை ஏறிவரச் சொல்ல வேண்டும் என்றார். வயிற்றை அளந்தார், குழந்தையின் துடிப்பைக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்றார். சர்க்கரை 118. ரத்தத்தில் ஹீமோகுளோபின்தான் 10.3. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் சோகை. இனி இரும்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு. டீ, காபி, பாலோடு போடக்கூடாது. கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக்கூடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது.

இந்த மாத்திரையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிவப்பாக, மேலே சர்க்கரைப் பூச்சோடு, பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கிறது. அம்மா தினமும் வாயில் போடுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டேயிருக்கிறது. சின்னக் குழந்தை இதில் சிலவற்றை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஜன்னல் திட்டிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் பரண் மேல் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு அரசு பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கொடுக்கும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்கான பதிவையும் அன்றே சரிபார்த்துக்கொண்டேன். பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண்) வங்கிக் கணக்கும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டகம் கொடுக்கும் நாளாக இருந்தால் மட்டும் கூட ஓர் ஆளைக் கூட்டிப்போங்கள். பிள்ளையும் பெட்டகமும் ஒரே ஆளால் ஆகாது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு மனதில் இருந்தது ஒன்றுதான். அந்த அம்மாயி அன்றைக்கு வராதிருந்தால்? தற்செயலாக ஒருவர் வருவதை நம்பி ஒரு கர்ப்பிணி தன் பரிசோதனையை வைத்துக்கொள்ளக்கூடாது. நர்சம்மாவிடம் பேசினேன். செவ்வாய்க்கு வரவேண்டியவர்களில் யார் யாருக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்பது அவர் ஏட்டிலேயே இருக்கிறது. பக்கத்துத் தெருக்களில் என்னோடு இன்னும் சிலர். எல்லோரும் சேர்ந்து, வயல் வேலைக்குப் போகமுடியாத ஒரு பெரியம்மாவை அழைத்துப் போவது என்று முடிவு செய்தோம். அவருக்கு நடவுக் கூலியையே ஆளாளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். பிள்ளை பார்ப்பதுதானே என்று குறைத்துக் கொடுப்பது முறையல்ல.

இடத்துக்கும் வழி கிடைத்தது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது புதன்கிழமை. அதற்காகக் காத்திருக்கும் முன்னறை செவ்வாயன்று பூட்டியே கிடக்கிறது. நர்சம்மா வழியாக டாக்டரம்மாவிடம் கேட்டோம். மருந்தும் ஊசியும் இல்லாத அறைதான் என்பதால் சம்மதித்தார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அந்த அறை திறந்திருக்கிறது, பாய் நாங்கள் கொண்டுபோகிறோம். உங்கள் ஊர் சுகாதார நிலையத்திலும் அப்படி ஓர் அறை சும்மா இருக்கக்கூடும். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது நர்சம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.