கிளையை எங்கே அறுப்பது?

வேம்போ தூங்குமூஞ்சியோ, கனத்த கிளையை ஒரே வெட்டில் வீழ்த்த முயன்றால், அறுத்து முடிக்குமுன்பே அது தன் பாரத்தால் ஒடிந்து, அடிமரத்தின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு விழும். ஆகவே தண்டிலிருந்து ஓரடி தள்ளி, முதலில் அடிப்புறத்தில் கிளையின் பருமனில் மூன்றிலொரு பங்குவரை அறுத்து, பின்னர் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்க வேண்டும். மிஞ்சிய துண்டை நீக்கும் மூன்றாவது வெட்டில்தான் உண்மையான தேர்ச்சி இருக்கிறது. கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம்போல் புடைத்திருக்கும் பகுதியைத் தொடாமல், அதை ஒட்டி வெளிப்புறமாக அறுக்க வேண்டும். தண்டோடு தண்டாக மழித்துவிடுவது அழகாகத் தெரிந்தாலும் மரத்துக்குப் பெருங்கேடு.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்பு எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970களில் விளக்கினார். அந்தப் புடைப்பைச் சிதைத்தால் தடுப்பும் பலவீனமாகும். வெட்டுவாயில் தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவருடைய முடிவு. நம் ஊர்களில் இவ்வழக்கம் இன்னும் தொடர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சங்கிலி ரம்பம் சீவல்களுக்குப் பதிலாக நுண்தூளைத் தள்ளினால் பற்கள் மழுங்கிவிட்டன என்று பொருள். உருண்டை அரத்தால் உடனே தீட்டிக்கொள்ளுங்கள். உயரத்தில் அதை இயக்கும்போது ஏறுகயிற்றோடு, எஃகு உள்வடம் கொண்ட இரண்டாவது கயிறும் உங்களைத் தாங்கியிருக்கட்டும். உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் முள்காலணி அணிந்து ஏறவே கூடாது, ஏனெனில் ஒவ்வொரு குத்தும் ஒரு புதிய காயம்.