வாளிக் கணக்கு

2024 மார்ச் 3
மழை முடிந்துவிட்டது என்பதை இன்றுதான் மனம் ஒப்புக்கொண்டது. தை மாதத்தில் வெள்ளமாகக் கொட்டிய வானம் மாசியோடு கையை விரித்துவிட்டது. கார்த்திகை ஈரத்தில் நட்ட கன்றுகள் 27: கடுக்காய் 11, தான்றி 9, நெல்லி 7. ஒன்றுகூட முழங்காலைத் தாண்டவில்லை. இனி ஐப்பசி வரைக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை, கன்றுக்கு ஒரு வாளி. வாளி 7 லீற்றர் கொள்ளும். 27 வாளி இறைத்தால் லேன்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றும் பரல் கழுத்துவரை நிரம்பிவிடும். மோட்டார் எரிந்து கிடப்பதால் கையால்தான் இறைக்கிறேன், கப்பிக்கு எண்ணெய் விடவேண்டும்.

மாலையில் அப்பா இடக்கையைச் சற்று உயர்த்தினார். அதுதான் கேள்வி: எத்தனை கன்று? "27" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 6
அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். இரவு இருமல் இல்லை.

மார்ச் 11
முள்ளம்பன்றி வந்து போயிருக்கிறது. நெல்லிக் கன்று ஒன்றின் அடியில், நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்துக்குப் பட்டையைச் சுற்றிவர உளி வைத்துச் சீவியதுபோல் எடுத்திருந்தது. மேலே இலைகள் இன்னும் பச்சையாகவே இருந்தன, செத்தது அந்தக் கன்றுக்கே தெரியாது. பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு முள் கிடந்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

அப்பாவின் கை உயர்ந்தது. "27" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதுவதற்கு இப்போது உட்கார்ந்து பார்க்கிறேன், எழுத வரவில்லை.

மார்ச் 19
இரண்டு நாளாக முள் வெட்டியே முதுகு ஒடிந்தது. சூரை, காரை, விடத்தல் என்று அகப்பட்டதையெல்லாம் வெட்டிக் கட்டுக் கட்டாக இழுத்துவந்து ஒவ்வொரு கன்றுக்கும் தனித்தனி அடைப்புப் போட்டேன். ஒரே வேலியாகக் காணி முழுவதையும் சுற்றி அடைத்தால் என்ன என்று தங்கச்சி கேட்டாள். ஒரே வேலி என்றால் ஒரே ஓட்டை போதும். ஒரு மாடு புகுந்தால் இருப்பதெல்லாம் போய்விடும். தனி அடைப்பென்றால் ஒன்று போனாலும் அடுத்தது தப்பும். சூரையின் முள் பின்பக்கமாக வளைந்திருப்பதால் நுழைய முயலும் மூக்கை விடாது. ஆனால் கட்டுகிறவன் கையையும் விடாது. அடியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து அடுக்கினேன். ஈரம் மூன்று நாள் நிற்கும். கறையானுக்குச் சாம்பல். எல்லைக்கல் பக்கத்துப் பாறை நிலத்தில் நிற்கும் எட்டுக் கன்றுகளுக்கு மட்டும் முள்ளும் வைக்கோலும் போதவில்லை. அங்கே கல்லைப் பொறுக்கிச் சுற்றிவர அடுக்கிவிட்டு வந்தேன். அது மனதுக்குத் திருப்தியாக இல்லை, முள் கிடைக்கும்போது மாற்றவேண்டும்.

பழைய கடுக்காய் விதை முளைக்காது. மருந்துக்கடைக் காயை ஊறவைத்து நான் இரண்டு வருடம் ஏமாந்தேன். அப்பா நடமாடிய காலத்தில் இங்கினியாகலைக்கும் அப்பால், நில்கலைப் பக்கத்துப் புல்வெளிக் காட்டிலிருந்து சேகரித்தவர் ஒருவரிடம் வாங்கிவந்த பழங்களின் பிள்ளைகள்தான் இவை. கொட்டையின் ஓடு கல் மாதிரி. அதைத் தட்டி, நனைத்து, காத்திருந்து, நம்பிக்கை விட்டுப்போன பிறகுதான் முளை வரும். திரிபலைக்கு மூன்றும் வேண்டும், மூன்றும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியின் பிடிவாதம்.

ஏப்ரல் 2
முயல். இரண்டு தான்றிகளைக் கத்தரிக்கோல் வைத்ததுபோல் சாய்வாக வெட்டிவிட்டுத் தின்னாமலே போயிருக்கிறது. தின்றிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திராது. முள்ளடைப்பின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டது என் பிழை.

24.

"27" என்றேன்.

ஏப்ரல் 13
வருடப்பிறப்பு. கோயிலில் வாங்கிய மருத்துநீரைத் தங்கச்சி ஒரு போத்தலில் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் இந்த ஊரில் பாதிப்பேருக்கு அப்பாதான் காய்ச்சிக் கொடுப்பார். துளசி, வில்வம், அறுகம்புல், மஞ்சள், திப்பிலி, சுக்கு, பால் என்று வரிசையாக வைத்து, கைக்கணக்கிலேயே போடுவார், நிறுத்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. இன்று போத்தலைத் திறந்து அவர் மூக்கின் கீழே பிடித்தேன். முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். தங்கச்சி சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். பிறகு தலையில் இலை வைத்து, அதே நீரைத் தடவி, சடங்கை முடித்தோம். கைவிசேடம் அவர் கையாலேயே வாங்கவேண்டும் என்று இடக்கையில் நூறு ரூபாய்த் தாளைச் சொருகினேன். வெகு நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21
கறையான், கடுக்காய் ஒன்று. 23. வெயில் நெருப்பு.

மே 2
சீருடைக்காரர் ஐந்து பேர் வந்தார்கள். நான் பரலிலிருந்து வாளியில் சரித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முன்னால் வந்து நின்றபோதுதான் மற்ற நால்வரும் ஏற்கனவே பின்னால் நிற்பது தெரிந்தது. மூன்று நாளைக்கொருமுறை பொழுதுபடும் நேரத்தில் ஒருவன் காட்டுக்குள் தண்ணீர் கொண்டுபோகிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பாதையில் இருந்து தெரியாத இடம், கன்றைச் சுற்றி முள், அடியில் ஈரம், பக்கத்தில் வாளி: கஞ்சாச் சேனைக்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

யோசித்துப் பார்த்தால் கஞ்சாக்காரனுக்கும் எனக்கும் எதிரிகள்கூட ஒன்றுதான். அவனுடைய நாற்றையும் முயல் வெட்டும், பன்றி கிண்டும், கறையான் அரிக்கும், வெயில் கருக்கும். அவனும் என்னைப்போலவே தண்ணீர் சுமக்கிறான், முள் வெட்டுகிறான், இரவில் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருகிறான். வித்தியாசம் என்னவென்றால், அவனுக்குச் சில மாதத்தில் காரியம் முடிந்துவிடும், எனக்கு முதற்காய் காண எட்டுப் பத்து வருடமாகும். அவனுக்கு 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மேலே நிற்கிறது, எனக்கு எல்லைக்கல் மட்டும்தான் நிற்கிறது. அப்பாவின் ஏட்டிலும் அந்தச் செடி வருகிறது. அனுமதி இல்லாமல் தொடக்கூடாத சரக்கு என்று சிறுவயதில் எனக்குச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் தாண்டியே பாடம் நடத்தினார்.

அவர்களில் வயதில் குறைந்தவன் நெல்லிக் கன்றின் முன் குந்தியிருந்து, அந்த இறகுபோன்ற சிற்றிலைகளை விரலால் நீவிப் பார்த்தான். கஞ்சா இலை விரல் விரித்த கைபோல் இருக்கும், ஓரம் வாள்போல் பல் பல்லாக இருக்கும், இதில் இரண்டும் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஆனாலும் வெறுங்கையோடு எழும்ப மனமில்லாமல் பக்கத்திலிருந்த தான்றியை வேரோடு பிடுங்கி முகர்ந்தான். நான் "ஐயோ" என்றேன் என்று நினைக்கிறேன். அப்போது மூத்தவர் அருகில் வந்தார். நரைத்த மீசை. ஒவ்வொன்றாகப் பார்த்து, "அரலு, புலு, நெல்லி" என்று சிங்களத்தில் சொல்லி, என்னைப் பார்த்தார். தன்னுடைய ஊர் பிபிலைப் பக்கம் என்றும், தாயார் வீட்டுக்குப் பின்னால் இந்த மூன்றும் நின்றன என்றும் அரைகுறைத் தமிழில் சொன்னார். பிடுங்கிய கன்றை அவரே வாங்கி, பழைய குழியிலேயே வைத்து, சப்பாத்தால் அல்லாமல் கையால் மண்ணை அமத்தினார்.

அது பிழைக்காது. ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மே 3
வாடிவிட்டது. 22.

மே 14
வனத் திணைக்களத்து ஆள் ஒருவர் மரங்களில் சிவப்புப் பூச்சு அடித்துக்கொண்டே போயிருக்கிறார். அவருடைய கோடு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வருகிறது. அப்படிப் பார்த்தால் என்னுடைய ஐந்து கன்றுகள் காட்டுக்குள் நிற்கின்றன. காட்டு மரம் காட்டுக்குள் நிற்பதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியவில்லை. காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். வரைபடத்தின் மடிப்பு விழுந்த இடத்தில்தான் அந்த மேற்கு எல்லை இருக்கிறது, மை கலைந்துவிட்டது.

மே 20
யானை. தனியன். சாகாமக் குளத்துப் பக்கமிருந்து வந்து, நேராக நடந்து, நேராகப் போயிருக்கிறது. ஒரு கன்றையும் தின்னவில்லை. வழியில் நின்ற நெல்லி ஒன்று மட்டும் பெரிய அடிச்சுவட்டின் நடுவில் தட்டையாகப் பதிந்திருந்தது. வேண்டுமென்று செய்யாத அழிவில் கோபப்பட ஆளில்லை. 21.

மே 23
பூரணை. தம்பிலுவில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்குக் காலம். நேர்த்தி வைக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்குத்தான். நான் மழைக்கும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

மே 30
அப்பாவின் உடம்புச் சூடு குறையவில்லை. வலக்கால் வீக்கம். டொக்டர் மருந்தை மாற்றினார்.

ஜூன் 9
கச்சான் காற்று மூன்று நாளாக அடிக்கிறது. மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று உடம்பில் படும்போது அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல் இருக்கிறது, துணி கொடியில் போட்ட கையோடு காய்ந்துவிடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் புகை கண்டேன். வேட்டைக்காரர் வைத்ததோ, புல் துளிர்க்கட்டும் என்று மாட்டுக்காரர் வைத்ததோ, தெரியாது. நான் போய்ச் சேரும்போது முன்நெருப்பு காணியைக் கடந்து கிழக்கே போய்விட்டது. புல்நெருப்பு ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை, தாவித் தாவிப் போய்விடும். நின்றது என்னுடைய முள்ளடைப்புகளில்தான். இரண்டரை மாதம் காய்ந்த சூரையும் விடத்தலும், அடியில் வைக்கோலும், அதன்மேல் பொச்சுமட்டையும். கன்றுக்குக் கன்று ஒரு சிதை அடுக்கி வைத்திருந்திருக்கிறேன். பொச்சுமட்டைகள் இரவு ஏழு மணிக்கும் உள்ளே கனன்றுகொண்டிருந்தன, பச்சைக் கிளையால் அடித்து அடித்து அணைத்தேன்.

கல் அடுக்கிய எட்டும் இலை கருகாமல் நிற்கின்றன.

ஜூன் 10
எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 12
தண்ணீர் நாள். எட்டு வாளி இறைத்தேன். பரலில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையவில்லை. திரும்பிவந்து முகம் கழுவி, அப்பாவின் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். கை உயர்ந்தது. "27" என்றேன்.

கையை இறக்கவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். பிறகு மூன்று விரல். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய கட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கிடுகுச் சுவர்தான் இருக்கிறது. கப்பி ஒருமுறை கத்தினால் ஒரு வாளி. 26, 24, 23 என்று மார்ச் மாதத்திலிருந்து அவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பொய் சொல்வதையும் எண்ணியிருக்கிறார். எண்ணெய் விடவேண்டும் என்று நான் தள்ளிப்போட்ட கப்பி.

வெட்கத்தில் எழும்பப் பார்த்தேன். கையால் தடுத்து, அலுமாரியின் மேற்தட்டைக் காட்டினார். பழைய நீலமட்டைக் கொப்பி. மருந்துக் கணக்குகளுக்கு நடுவில், பென்சிலால், எந்த வருடம் என்று குறிக்காமல் எழுதியிருக்கிறார்: தளவைக் காட்டில் (புல்வெளிக் காடு) வருடா வருடம் நெருப்புப் போகும், பெரிய கடுக்காய் பட்டைத் தடிப்பால் தப்பும், சின்னது தண்டு எரிந்து வேரில் கிடக்கும். கீழே கோடிட்டு, "கருகியதைப் பிடுங்கக் கூடாது. வேரில் ஈரம் காக்கவும்."

நான் நேற்று நான்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஜூன் 13
நாள் இல்லாத நாளில் போனேன். பிடுங்கி எறிந்த நான்கையும் தேடி எடுத்தேன். இரண்டு உடைந்த குச்சிகள். மற்ற இரண்டிலும் வேரின் மேற்தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே இளமஞ்சளாக ஈரம் இருந்தது. பழைய குழிகளிலேயே வைத்து, அந்த மூத்தவர் செய்ததுபோல் கையால் அமத்தினேன். ஆணிவேர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கவில்லை. முள் வைக்கவில்லை. கல் மட்டும். பாறைப் பக்கமிருந்து கல் சுமந்ததில் வலது பெருவிரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது.

கன்று என்று சொல்லக்கூடியவை எட்டு. கரிக்குச்சிகள் பதினொன்று. ஆகத் தண்ணீர் 19 வாளி.

ஜூன் 15
19 வாளி. அப்பா ஐந்தை மூன்று முறையும் நான்கை ஒருமுறையும் காட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

ஜூன் 24
கரிக்குச்சிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து ஒரு மாட்டுக்காரப் பையன், "அண்ணன், எரிஞ்சு போனதுக்கு என்னத்துக்குத் தண்ணி? மறுகா நடுறதுதானே?" என்று கேட்டான். நெருப்பு வைத்தது நீயா என்று கேட்க நா நுனிவரை வந்தது.

ஜூன் 29
பாதயாத்திரைக்காரர் உகந்தை முருகன் கோயிலுக்குப் போகிறார்கள். வேலும் கையுமாக ஒரு முதியவர் முற்றத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே வந்து அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினார். நான் இறைத்த வாளியையும் அப்பா கணக்கில் சேர்த்திருப்பார்.

ஜூலை 3
ஒரு குச்சியின் அடியில் சிவந்த முளை. குப்புறப் படுத்துப் பார்த்தேன். கடுக்காய்த் தளிர் என்றால் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் பட்டுப்போன்ற மயிர் இருக்கவேண்டும். இதில் மயிர் இல்லை. மொழுமொழுவென்று இருக்கிறது. வேறு ஏதோ களை. பிடுங்கப் போன கையை இழுத்துக்கொண்டேன், இரண்டு நாள் கிடக்கட்டும்.

ஜூலை 6
களைதான்.

19 வாளி இறைத்தேன். பதினேழாவதில் கயிறு வழுக்கி வாளி பாதியில் விழுந்து, மீண்டும் இறைக்கவேண்டி வந்தது. அப்பா நான்கு முறை ஐந்தைக் காட்டினார். இல்லை, கயிறு வழுக்கியது என்று விளக்கினேன். நம்பவில்லை. மறுபடியும் நான்கு முறை ஐந்து. நாளைக் காலையில் போய் ஒருமுறை எண்ணிவிட்டு வரவேண்டும்.