பதில் வரும் வரை

பிப்ரவரி 3
காவல் பயிற்சிப் பள்ளியின் கடிதம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று நானும் என் தோழியும் வகுப்பெடுக்க வேண்டும். 21-ஆம் தேதி பிற்பகல், 90 நிமிடங்கள். காவலர்களுடன் தீயணைப்பு வீரர்களும் அவசர ஊர்திப் பணியாளர்களும் வகுப்பில் இருப்பார்களாம். நான்கு முறை படித்துவிட்டேன்.

பிப்ரவரி 4
அந்த இரவைப் பற்றிச் சொல்வதா, வேண்டாமா?

பிப்ரவரி 7
பயிற்சி அதிகாரி தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர், நான் ஒவ்வொரு சொல்லையும் முடிக்கும் வரை குறுக்கிடாமல் காத்திருந்தார். ஆனால் அவர் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. வந்திருப்பவர்களின் கண்களைக் கட்டி அறைக்குள் நடக்கவைத்தால், சக்கர நாற்காலியில் சிறிது நேரம் உட்காரவைத்தால், எங்கள் நிலை அவர்களுக்குப் புரிந்துவிடும் என்கிறார். புரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டவர் அந்தச் சில நிமிடங்களில் அறிவது பயத்தை மட்டுமே. பல ஆண்டுகள் பார்வையின்றி வாழ்ந்தவரிடம் இருக்கும் தேர்ச்சியை அல்ல. கட்டை அவிழ்த்த பிறகு அவரிடம் எஞ்சுவது இரக்கம். இரக்கப்படுபவர் கேட்காமலேயே கையைப் பிடித்து இழுப்பார். நான் கற்பிக்க விரும்புவது மிகச் சிறிய செயல்: முதலில் தன் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும், பிறகு முழங்கையை நீட்ட வேண்டும், பற்றிக்கொள்வதா இல்லையா என்பதைப் பார்வையற்றவரே முடிவுசெய்ய வேண்டும். இதற்குக் கண்கட்டு எதற்கு?

பிப்ரவரி 9
வகுப்பில் பாதி நேரம் காது கேளாத என் தோழியுடையது. எப்படித் தொடங்கப்போகிறாய் என்று கேட்டேன். அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். நான் காத்திருந்தேன். பிறகு கைகளை விடுவித்து, "இவ்வளவு நேரமும் உன்னிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று சைகையில் சொன்னாள். கைகளைப் பின்னால் வைத்து விலங்கு பூட்டினால், சைகை மொழி பேசுபவரின் வாய் கட்டப்பட்டுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து "நில்" என்று கத்தியும் நடந்துகொண்டே போகிறவர் பணிய மறுக்கிறார் என்று பொருளல்ல என்பதையும் அவளே சொல்லப்போகிறாள். முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. அந்த ஒளியில் எதிரில் இருப்பவரின் உதடுகளோ கைகளோ அவளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 10
பன்னிரண்டு நொடிகள். என் பெயரையும் முகவரியையும் பதற்றமின்றிச் சொல்லி முடிக்க எனக்கு ஆகும் நேரம் அது. பதற்றத்தில் எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை. அந்த இரவில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13
மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவை மீண்டும் படித்தேன். காவல்துறையினருக்கும் சிறைப் பணியாளர்களுக்கும் தகுந்த பயிற்சி அளிப்பதை நாடுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவர் 1987-இல் காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1988-இல் உருவான பயிற்சி 40 மணி நேரம் கொண்டது. எனக்குக் கிடைத்திருப்பது 90 நிமிடங்கள். 2013-இல் மேரிலாந்தில், பிறவியிலேயே வரும் டவுன் நோய்க்குறி கொண்ட 26 வயது இளைஞர் ஒருவர் திரையரங்க இருக்கையை விட்டு எழ மறுத்தார். உடனிருந்த உதவியாளர் பொறுக்கச் சொல்லியும், அங்குக் காவலுக்கு நின்ற காவலர்கள் அவரை இழுத்துத் தரையில் கிடத்தினார்கள், அவர் உயிரிழந்தார். அவருடைய தாய் அங்கு வந்துகொண்டிருந்தார். இன்று முழுவதும் அந்தத் தாயையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 15
தீயணைப்பு வீரர்களுக்கென ஒன்று: தூக்குவதற்கு முன் "எப்படித் தூக்கட்டும்?" என்று ஒரு முறை கேட்க வேண்டும். முன்பே தண்டுவடம் காயப்பட்டு வாழ்பவரின் உடலில் எந்த இடத்தைப் பிடிக்கலாம், எந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கு யாருமில்லை.

பிப்ரவரி 17
அந்த இரவில், குடித்திருக்கிறேனா என்று அறியக் காவலர்கள் ஊதச் சொன்னார்கள், ஊதினேன், கருவி சுழியம் காட்டியது. அதன் பிறகும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 19
வகுப்பை 60 நிமிடங்களாகக் குறைத்துவிட்டார்கள். காலையிலிருந்து கோபம் தணியவில்லை. எதை வெட்டுவது? குறைபாடுகளின் வகைகளை வரிசைப்படுத்தும் பகுதியை எடுத்துவிட்டேன். பெயர்களை மனப்பாடம் செய்த காவலர் தெருவில் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளப்போவதில்லை. வலிப்பை வெட்ட முடியாது. வலிப்பு நின்றபின் குழப்பத்தில் இருப்பவர், தொடும் கையைத் தள்ளிவிடுவார். அதை எதிர்ப்பு என்று எண்ணிக் குப்புற அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுபோகலாம். பன்னிரண்டு நொடிகளையும் வெட்ட மாட்டேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதற்குப் பதில் வருமுன் அதே கேள்வியை உரத்துக் கேட்டால், நான் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 20
சைகை மொழிபெயர்ப்பாளர் வருவது உறுதியாகிவிட்டது.

பிப்ரவரி 21, இரவு
அந்த இரவைச் சொன்னேன். நானாகத் திட்டமிடவில்லை. தோழி கைகளைப் பின்னால் கோத்து நின்றபோது அறையில் எழுந்த அமைதியில், எனக்கும் சொல்ல வந்துவிட்டது. என் நடையும் பேச்சும் பெருமூளை வாதத்தால் வந்தவை என்பதைச் சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. யாரும் குறுக்கிடவில்லை.

இறுதியில், பின்வரிசையிலிருந்து ஓர் இளம் காவலர் எழுந்தார். "குடித்திருப்பவரும் குடிக்கவில்லை என்றுதான் சொல்வார். இருட்டில், வண்டிகள் விரையும் சாலையில், நான் எப்படிப் பிரித்தறிவது?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. முதல் பார்வையில் முடிவுசெய்யாமல் இருங்கள், ஏதேனும் உடல்நிலை இருக்கிறதா என்று கேளுங்கள், சர்க்கரை குறைந்தவரும் தள்ளாடுவார் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் நேரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 22
அவருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கங்கள் ஆகிவிட்டன. சாலையோரத்துக்கு இன்னும் வரவில்லை.