கடற்காற்று எழுமுன் எட்டுகிற வீடு

நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனது. ஆகையால் அந்தப் பட்டியல் பாதி காலாவதியாகிவிட்டது. கடல் இல்லை என்பதை மட்டும் அந்தக் கேலியில் யாரும் சேர்க்கவில்லை, ஏனெனில் வேலூரில் எவரும் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பலகையேறி அலைமேல் சறுக்கும் அலைச்சறுக்கில் போய் மாட்டிக்கொண்ட என்னைப் போன்ற சிலருக்குத்தான் அது குறை.

என் பெரியப்பா மகனும் இப்போது அந்தச் சிலரில் ஒருவன். காட்பாடியில் வளர்ந்து, கிணற்றில் நீச்சல் பழகி, கல்லூரி நாட்களில் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் பலகை மேல் நிற்கக் கற்றுக்கொண்டவன். அவனுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. சென்னையில் எங்கே வீடு பார்ப்பது என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தபோது, பெரியம்மா பூந்தமல்லி என்றார், அங்கிருந்து வேலூர் பேருந்து ஏறுவது எளிது என்பதால். பெரியப்பா அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பார்க்கச் சொன்னார். அவனோ கடலைப் பார்த்த பால்கனி வேண்டும் என்றான். மூவரும் ஒரே வரைபடத்தை மூன்று முனைகளிலிருந்து பிடித்து இழுத்தார்கள். இந்தக் கேள்வியை வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

அலைச்சறுக்கு விளையாடுகிறவர் வீடு தேடும்போது கடலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதைவிட, விடிந்து எத்தனை நிமிடத்தில் தண்ணீரில் இறங்க முடியும் என்று பார்ப்பதே சரி. சென்னைக் கடல் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதனோடு தென்மேற்குப் பருவக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு வறண்டுபோன அந்தக் காற்று, வேலூரையும் காஞ்சிபுரத்தையும் கடந்து கோவளத்தில் கடலுக்குள் இறங்குகிறது. கரையை நோக்கி வரும் அலைக்கு எதிராக வீசும் இந்த மேற்குக் காற்று, அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. அலை ஒரேயடியாகக் கவிழாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வரிசையாக உடைந்துகொண்டே போகிறது. நம் ஊரில் மொட்டைமாடித் துணியை அரைமணி நேரத்தில் காயவைக்கிற காற்றுதான் அங்கே கடலின் மேற்பரப்பைக் கண்ணாடியாக்குகிறது என்பதில் ஒரு வேலூர்க்காரனாக எனக்கு ஓர் அற்பப் பெருமை உண்டு.

வெயில் ஏறி நிலம் சூடானதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று திரும்புகிறது. சென்னைவாசிகள் நண்பகலில் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கும் கடற்காற்று இதுதான். எங்களுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது என்று அதற்குப் பொருள். அலைகள் சிறுசிறு நுரைகளாகச் சிதறி, எந்தத் திசையிலிருந்து எது வருகிறது என்றே தெரியாமல் போகும். பருவக்காற்று வலுவாக இருக்கும் மாதங்களில் கடற்காற்று நண்பகல் தாண்டியும் தள்ளிப்போகலாம். ஏப்ரல், மே மாதங்களில் முற்பகலிலேயே தென்திசைக் காற்று கடலைக் கலைத்துவிடும். அலுவலகம் போகிறவருக்கு வாரநாளில் உண்மையில் கிடைப்பது, பொழுது புலர்வதற்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே. அதற்குள் வீட்டிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து வீட்டுக்கும், குளித்துவிட்டு அலுவலகத்துக்கும் போயாக வேண்டும். மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடலோரம் வீடு எடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்தது, அலை எங்கே இருக்கிறது என்பது. கடற்கரை உள்ள இடமெல்லாம் அலைச்சறுக்குக்கு ஆகாது. இராமேசுவரம், தொண்டிப் பக்கம் பாக் நீரிணைக்குள் கடல் ஏரி போலக் கிடக்கும். சென்னைக்கு அந்தக் குறையில்லை, நேரே திறந்த வங்கக்கடல். ஆனாலும் நகருக்குள் இருக்கும் கரைகளில் பெரும்பாலானவை நமக்குப் பயன்படுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு மெரினாவில் குவிந்தது. துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அந்தப் பகுதியில் இப்போது பெருங்கற்களைக் கொட்டிவைத்திருக்கிறார்கள். மெரினாவில் அலை கரைக்கு மிக அருகில் செங்குத்தாக விழும், உள்ளிழுப்பும் கடுமை, கூவம் வேறு அங்கேதான் கலக்கிறது. பெசன்ட் நகரில் சில காலைகளில் நல்ல அலை இருக்கும் என்றாலும், மழை பெய்து அடையாற்று முகத்துவாரம் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீரில் இறங்க எனக்கு மனம் வராது.

கோவளம் வேறு வகை. முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குத் தெற்கே கடலுக்குள் சற்று நீண்டிருக்கும் ஒரு முனை இருப்பதால், தென்கிழக்கிலிருந்து வரும் அலை அந்த முனையில் பட்டு, கரையை நோக்கி நிற்பவருக்கு வலப்பக்கமாக நீளமாக உடைந்து செல்கிறது. இந்த ஊர் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி இங்கேதான் இருக்கிறது. 2021இல் இந்தக் கடற்கரைக்கு, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. இன்னும் தெற்கே மாமல்லபுரம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்ததும், அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதும் அங்கேதான். அதற்கும் தெற்கே, கல்பாக்கம் தாண்டி வாயலூர் அருகே, நம் பாலாறு கடலில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகரும் கரை இது. பாலாறு வெள்ளக்காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மணலும் அந்த ஓட்டத்தில்தான் கலக்கிறது. மணல்திட்டு சரியாக அமைந்தால்தான் அலை சரியாக உடையும் என்பதால், வேலூர்ப் பாலாற்றில் மணல் லாரி போவதைப் பார்க்கும்போது எனக்கு இரட்டிப்பாக வயிறு எரியும்.

ஆக, போக வேண்டிய இடங்கள் இரண்டு. தங்க வேண்டிய இடம்தான் கேள்வி. திருவான்மியூரில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் வாடகை அதிகம், கோவளம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வெறிச்சோடிக் கிடக்கும் என்பதால் போவது சுகம். எட்டரை மணிக்குத் திரும்பும்போதுதான் நீலாங்கரையும் பாலவாக்கமும் தங்கள் குணத்தைக் காட்டும். ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி எல்லாம் கடலுக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும் பெரும்பகுதி மதில் சூழ்ந்த பங்களாக்கள். ஒரு தனி ஆளுக்கான வீடு அங்கே கிடைப்பது அரிது, பால் பாக்கெட் வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். மாமல்லபுரம் அலைக்கு அருமை, சிறுசேரி வேலைக்குத் தூரம். வார இறுதியில் சுற்றுலாப் பேருந்துகள் நுழைந்துவிட்டால் சொந்தத் தெருவுக்குள் போவதே பெரும்பாடு. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவராக இருந்தால் நான் தயங்காமல் அங்கேதான் போகச் சொல்வேன்.

கோவளத்திலேயே தங்கிவிடலாமே என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. தங்கலாம், நானும் சில காலம் தங்கியிருக்கிறேன். ஆனால் குப்பம் என்பது மீன்பிடித் தொழில் நடக்கும் இடம் என்பதை மறக்கக்கூடாது. படகு ஏற்றுவதும் வலை உலர்த்துவதும் முதலில், நம் பலகை பிறகு. வெளியூர்க்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்துக்கொண்டே போனால், அந்த ஊரிலேயே பிறந்து புதிதாய்க் கல்யாணம் ஆனவர்களுக்கு வாடகை வீடு எட்டாமல் போகும். இதைச் சொன்னால் பெரியப்பா மகன் என்னை விநோதமாகப் பார்க்கிறான்; இருந்தாலும் சொல்லிவைத்தேன்.

கடலைப் பார்த்த பால்கனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவளத்தில் நான் இருந்த அறையின் சன்னல் கம்பியை விரலால் தடவினால், காலையில் துடைத்திருந்தாலும் மாலைக்குள் பிசுபிசுவென்று ஈர உப்பு ஒட்டும். கதவின் கீல் முதலில் பழுப்பாகும், பிறகு செதில் செதிலாக உதிரும், பிறகு ஒரு நாள் கதவு சாத்த மறுக்கும். அடுப்பின் பர்னர், சைக்கிள் சங்கிலி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்தால், பலகையையும் காலில் கட்டும் லீஷையும் எதைக் கொண்டு கழுவுவது? நல்ல தண்ணீரில் அலசாத லீஷின் சுழல்முனை இறுகிப்போய், அலை நடுவே அறுந்துகொள்ளும். அலையைப் பார்க்கத்தான் பால்கனி என்றால், அலை முன்னறிவிப்பைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

என் தேர்வு கேளம்பாக்கம். கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, பக்கிங்காம் கால்வாய்க்கும் உப்பளங்களுக்கும் மேற்கே. விடியற்காலையில் உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில் இருசக்கர வண்டியில் கால்மணி நேரத்தில் கோவளம். சிறுசேரியும் அருகில்தான். காற்றில் உப்பு குறைவு, வாடகையும் கடலோரத்தை நோக்கப் பரவாயில்லை. பெரியம்மாவின் கவலைக்கும் இதில் விடை இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து வேலூருக்குச் சென்னை நகருக்குள் நுழையவே வேண்டாம்: வண்டலூர், ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். வண்டலூர் சாலையில் விஐடியின் பெயர்ப்பலகையைப் பார்த்ததுமே பெரியம்மாவுக்கு அது பாதி வேலூராகிவிட்டது.

கேளம்பாக்கத்திலும் எந்த வீடு என்பதில் கவனம் தேவை. கற்றுக்குட்டிகளின் பலகை எட்டு, ஒன்பது அடி நீளம் இருக்கும். அடுக்குமாடி லிஃப்டில் அது நுழையாது, திருப்பமுள்ள குறுகிய மாடிப்படியில் ஏறாது. தரைத்தளம், அல்லது வெளியே நேராக ஏறும் படிக்கட்டு உள்ள தனிவீடு நல்லது. வெயில் படாமல் பலகையைச் சாய்த்துவைக்க ஒரு நடை இருக்க வேண்டும். பூட்டிய காருக்குள் விட்டால் மேலே தடவிய மெழுகு உருகி இருக்கையெல்லாம் அப்பிக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவதும் முக்கியம். பெரியப்பா மகன் வீடு பார்க்கப் போனபோது பலகையையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனான். வீட்டுக்கார அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இன்னா தம்பி இது, கட்டுமரமா? மீன் நாத்தம் வருமா?” என்று கேட்டாராம். வராது என்றதும், “அப்ப சரி, ஆனா செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது” என்றாராம்.

அந்த வீடு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஏரிகளும் தாழ்ந்த நிலங்களும் நிறைந்தது. புதிய மனைப்பிரிவுகளில் எது ஏரிப் போக்கில் எழுந்தது என்பது வெயில் காலத்தில் பார்த்தால் தெரியாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது, அடுத்த டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் அந்த இரண்டு டிசம்பரிலும் கடைக்குள் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டுவிட்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை விட்ட மறுநாள் போய்த் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அதுவரை படூரில் நண்பன் அறையில் இருந்துகொள்ளட்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும், பலகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய காலைகளும் குறைவு. அவனுக்கு அவசரமில்லை.