அப்பா எடுத்து வைத்த சாம்பிள் தாள்கள்

எங்கள் பிரஸ்ஸில் ஒரு வேலை முடிந்தால், கட்டுப் போட்டு அனுப்புவதற்கு முன் அப்பா அதில் ஒரு தாளை உருவித் தனியாக வைப்பார். மறு ஆர்டர் வந்தால் பார்த்துக் கம்போஸ் பண்ணத்தான். பில் புக், லெட்டர்பேட், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், லாரி ஆபீஸில் சரக்குக்குக் கொடுக்கிற ஜி.சி. நோட்டு என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று. கம்பியில் குத்தி வைத்து, வருஷக் கடைசியில் நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டிவிடுவார். பாலக்காடு ஜில்லாவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ட்ரெடில் அச்சு மெஷின் ஓடிய காலம் முழுக்க இதுதான் வழக்கம். ஆப்செட்டுக்கு மாறிய பிறகும் நான் இதை விடவில்லை.

அந்தக் கட்டுகளின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது வின்னிபெக் நகரத்தின் பழைய டைரக்டரிகளைப் பார்த்த பிறகுதான். அக்கா மகன் அங்கே வேலையில் இருக்கிறான். கனடாவின் புல்வெளிப் பிரதேசத்தில், மனிடோபா மாகாணத்துத் தலைநகரம் அது. 1873-ல் நகராட்சியானது. 1901-ல் 42 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1911-ல் 1 லட்சத்து 36 ஆயிரம் பேர். ரயில் வந்தது, கோதுமை வந்தது, பின்னாலேயே உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஜனம் வந்தது. அப்படி வந்து குவிந்தவர்களில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஹெண்டர்சன் என்ற கம்பெனி வருஷா வருஷம் தடித்தடியாக டைரக்டரி அடித்து விற்றது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. யாரும் காசில்லாமல் பார்க்கலாம்.

நான் அச்சுக்காரன். பக்கத்தைப் பார்த்ததும் கண் எழுத்தில்தான் போய் நின்றது. பொடி எழுத்து, இடைவெளியே விடாத வரிகள். ஆள் பெயர், செய்யும் தொழில், வேலை பார்க்கும் இடம், வீட்டு விலாசம், எல்லாம் ஒரே வரியில். தனி வீடா, வாடகை அறையா, சாப்பாட்டோடு தங்கலா என்பதற்கு ஒன்றிரண்டு எழுத்தில் குறி. கணவனை இழந்த பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் இறந்துபோன கணவன் பெயர். தையல்காரர், குதிரை லாடம் அடிப்பவர், ரயில்வே கூலி, கடை குமாஸ்தா எல்லாரும் அகர வரிசையில் முதலாளிகளோடு தோளுரசி நிற்கிறார்கள். தெரு வரிசையில் தனியாக ஒரு பகுதி, தொழில் வாரியாக இன்னொன்று. இதைக் கையால் அடுக்கிய கம்பாசிட்டர்களை நினைத்து மனசாரக் கும்பிட்டேன்.

பெரிய கடைகளை நினைவு வைக்க டைரக்டரி தேவையில்லை. ஈட்டன் என்ற பெரிய கடை 1905-ல் போர்ட்டேஜ் அவென்யூவில் திறந்து 1999-ல் மூடியது, அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். 1931-ல் வண்டியில் உருளைக்கிழங்கு வறுத்து விற்று ஆரம்பித்து, மெயின் ஸ்ட்ரீட்டில் ஓட்டலாக வளர்ந்து, அந்தக் குடும்பத்துப் பெண்கள் நடத்தி 2013-ல் மூடிய கெலெக்கிஸ் ஓட்டலையும் ஊர் மறக்காது. ஆனால் ஒரு சந்தில் இரண்டே வருஷம் செருப்புத் தைத்துவிட்டு வேறு ஊருக்குப் போனவருக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

அதே காலத்தில் கோட் என்ற கம்பெனி தீ இன்ஷூரன்ஸ்காரர்களுக்காகத் தெருப்படம் போட்டுக் கொடுத்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம். இந்த மாதிரிப் படங்களில் சில கட்டடங்கள் மேல் 'சீன லாண்டரி' என்று மட்டும் இருக்கும், துவைத்தவர் பெயர் இருக்காது. அவர் பெயரைத் தேடினால் தலைவரிப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். சீனாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோரிடம் 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி வாங்கிய அரசாங்கம் பெயரைக் கவனமாகக் குறித்து வைத்தது. தீ பிடிக்குமா என்று பார்க்க வந்தவனுக்குக் கட்டடம் போதும், காசு வாங்கியவனுக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

இனி எங்கள் பக்கம். எங்கள் ஊரைச் சேர்த்த பாலக்காட்டுச் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு, மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. 1956 நவம்பர் 1-ல்தான் இரண்டும் ஒரே கேரளத்துக்குள் வந்தன. அதனால் சித்தூர்ப் பழைய ரிக்கார்டு வேண்டுமென்றால் எர்ணாகுளம் ஆவணக் காப்பகம், பாலக்காட்டுக்குக் கோழிக்கோடு, இல்லையென்றால் சென்னை எழும்பூர். அங்கே போனாலும் கிடைப்பது நிலம், வரி, வழக்கு. சந்தை முக்கில் கடலைச் செக்கு ஆட்டியவரைப் பற்றி அந்தக் கட்டுகளில் என்ன இருக்கப் போகிறது?

அவர் இருப்பது அப்பாவின் தையல் கட்டில்தான். மேலே மலையாளம், கீழே தமிழ், நடுவில் செக்குப் படம் அச்சான ஒரு பிளாக், ஓரத்தில் சிவப்பு மையில் நம்பர்.

பல தாள்களில் தேதி இல்லை, அட்டை கிழிந்து வருஷமும் போய்விட்டது. ஆனால் அச்சுக்காரனுக்குத் தேதி வேறு இடத்தில் தெரியும். பில்லில் நயா பைசா என்று ஒரு பத்தி போட்டிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு வந்துவிட்டால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. மலையாளத்தில் கூட்டெழுத்து பிரிந்து நின்றால் 1971 லிபி மாற்றத்துக்குப் பின்னால். தமிழில் 'லை'க்கும் 'னை'க்கும் யானைத் தும்பிக்கை போல மேலே சுருண்ட பழைய கொம்பு இல்லாமல் இன்றைய இணைக்கொம்பு இருந்தால் 1978-க்கு முன் அடித்திருக்க வாய்ப்பு குறைவு. பழைய கொம்பு இருந்தால் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஈய எழுத்து விலை அதிகம், தேய்ந்து மழுங்கும்வரை பழசையே ஓட்டினோம். டெலிபோன் நம்பர் எத்தனை இலக்கம், வரி நம்பர் எந்த மாதிரி என்பதும் உதவும். 2005-க்குப் பிறகு வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, 2017-க்குப் பிறகு ஜி.எஸ்.டி. இப்படி ஒவ்வொரு தாளாக வருஷம் கட்டிப் பென்சிலில் பின்னால் எழுதி வருகிறேன். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

2017 ஜூலையை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை நெடுக வணிகவரிச் செக்போஸ்ட்டைச் சுற்றி ஒரு சின்ன பஜாரே இருந்தது. சரக்கு டிக்ளரேஷன் எழுதிக் கொடுக்கிற ஏஜென்ட், ஜெனரேட்டர் போட்டு ராத்திரி முழுக்க ஜெராக்ஸ் எடுப்பவர், பஞ்சர் கடை, சாயாக்கடை. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தச் செக்போஸ்ட்டுகளை எடுத்துவிட்டார்கள், லாரி நிற்காமல் போக ஆரம்பித்தது. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. ஏஜென்டுகளின் லெட்டர்பேட் என்னிடம் இருக்கிறது. சாயாக்கடைகளின் தாள் ஒன்றுகூட இல்லை, பில் புக் அடித்தால்தானே சாம்பிள் இருக்கும். சுமை தூக்கும் தொழிலாளிக்கும், சந்தையில் கீரை விற்றவளுக்கும், கள்ளு இறக்கியவருக்கும் பிரஸ்ஸில் என்ன வேலை?

வின்னிபெக் லாண்டரிக்காரரை நினைத்துக்கொண்டுதான், ராத்திரியில் இட்லிக்கடை போட்டிருந்த அக்காவைத் தேடிப் போனேன். கடன் கணக்கைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்பாராம். டிரைவர் பெயர் கிடையாது, லாரி நம்பரின் கடைசி நாலு எண்ணும் ரூபாயும்தான். "நாமக்கல் வண்டிக்காரங்க எப்படியும் கொடுத்துருவாங்க தம்பி. ஆளை மாத்திட்டாக்கூட, புது டிரைவர் கைல கொடுத்துவிடுவாங்க" என்றார். தன் பெயரை நெட்டில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் நோட்டில் பெயரும், கடை இருந்த இடமும், என்னென்ன விலைக்கு விற்றார் என்பதும் இருக்கிறது.

காகிதத்துக்கு எங்கேயும் ஆபத்துதான். வின்னிபெக் நகர ஆவணக் காப்பகம் 1905-ல் கட்டிய பழைய நூலகக் கட்டடத்தில் இருந்தது. 2013-ல் கூரை வேலை நடக்கும்போது பெருமழை பிடித்து உள்ளே தண்ணீர் இறங்க, எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இங்கே கரையான் ஒன்றே போதும். நான் கட்டுகளைச் சுவரை விட்டுத் தள்ளி இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறேன், தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வருகிறேன்.

கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், கொல்லங்கோடு பக்கத்துக் கடைகளின் பழைய பில், காலண்டர் அட்டை, துணிப்பை, லேபிள் எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், அங்கேதான் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள். தாள் உங்களிடமே இருக்கட்டும். முக்கியமாக, எங்கள் தெருக் கடைசியில் இருந்த கோலி சோடா கம்பெனியின் லேபிள் என்னிடம் இல்லை. அதை நாங்கள் அடிக்கவில்லை, கோயமுத்தூரில் அடித்து வந்தது என்று அப்பா சொல்வார்.